நாற்பது பேர், நாலு டிக்கெட்

முத்தூரணியிலிருந்து மதுரைக்குப் போக வேண்டியவர்கள் யாரும் தமிழ்ச்செல்வியைக் கேட்காமல் கிளம்புவதில்லை. இரண்டு வருஷமாக வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, அவள் மதுரைக்குப் போய் வருகிறாள். கோயிலுக்கோ கடைக்கோ அல்ல. அவள் புருஷன் காளைக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கே.கே. நகரில் ஓர் ஆஸ்பத்திரியில், காப்பீட்டு அட்டையின் பேரில், நாலு மணி நேரம் மிஷினில் படுக்க வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். அந்த வழியை அவள் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேருவாள்.

முதலில் வீட்டுக்கு வந்து கேட்டவர்களுக்குச் சொன்னாள். அப்புறம் ஊர்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட ஆரம்பித்தாள். எழுதுவது அவளுக்குச் சள்ளை; பேச்சு தடையில்லாமல் வரும்.

"மதுரைக்குப் போற நம்மூருப் பொம்பளைகளுக்குச் சொல்றேன். காலம்பற அஞ்சே முக்கா வண்டியப் பிடிச்சுருங்க, ஏழு மணிக்குத் திருமங்கலம். அங்கன ஏழு அஞ்சுக்கு ரோஸ் கலர் மூஞ்சி வண்டி நிக்கும், அதுல ஏறுங்க. கண்ணாடி போட்டு அடைச்ச வண்டி காசு வண்டி, ஏறிப்புட்டு எறங்குறது அசிங்கம். பழங்காநத்தம் தாண்டுனதும் பைய மடியில எடுத்து வச்சுக்கங்க. பெரியார் பஸ் ஸ்டாண்டுல எறங்குனா ஆட்டோக்காரருக எங்கக்கா எங்கக்காம்பாக. ஆஸ்பத்திரின்னு மட்டும் வாயத் தொறக்காதீக, கூடுதலாக் கேப்பாக. அப்புறம், நம்ம அஞ்சே முக்கா வண்டியில சீட்டுக் கேட்டு நிக்காதீக. ஓசிச் சீட்டுக்கு எதுக்கு வண்டிய நிப்பாட்டணும்? பெனடிக்ட் அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

இந்தக் கடைசி யோசனை மட்டும் அவளுடைய சொந்தத் தேவையில் பிறந்தது.

அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று ஆன பிறகும் சீட்டு உண்டு. கண்டக்டர் மிஷினைத் தட்டி, தொகை பூஜ்யம் என்று அச்சடித்த துண்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். பேரையூரில் புறப்படும் அந்த முதல் நடையில் பெனடிக்ட் கண்டக்டர். நிதானமான மனிதர். ஒவ்வோர் ஊரிலும் வண்டியை நிறுத்திவைத்து, ஏறிய பெண்கள் அத்தனை பேருக்கும் சீட்டு அடித்து முடித்துவிட்டுத்தான் விசில் கொடுப்பார். மேடு பள்ளத்தில் வண்டி ஆடினால் மிஷினில் விரல் தவறும் என்பது அவர் கட்சி. மில்லுக்குப் போகிறவர்கள், பூக்கூடைக்காரிகள், ஜவுளிக்கடைப் பெண்கள், சித்தாள்கள் என்று நாற்பது பேர் ஏறுகிற வண்டியில் அது கால் மணி நேரத்தைத் தின்றது.

போன ஆடியில் ஒருநாள் திருமங்கலம் போய்ச் சேர ஏழு இருபது ஆகிவிட்டது. ஏழு ஐந்து வண்டி போய்விட்டது. கே.கே. நகருக்குள் நுழையும்போது ஒன்பது பத்து. காளையின் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். எட்டரைக்கு வராவிட்டால் ஒன்பதுக்கு அடுத்த ஆளை ஏற்றிவிடுவார்கள். அன்றைக்குக் காளை மத்தியானம் மூன்று மணி வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான். காலில் விரலால் அழுத்தினால் அந்தக் குழி அப்படியே நின்றது. தமிழ்ச்செல்வி அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பெனடிக்ட் மிஷினைக் கையில் எடுத்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"அண்ணே, காசில்லாத சீட்டுக்கு எதுக்கு வண்டிய நிப்பாட்டி வச்சு அதத் தட்டிக்கிட்டு இருக்கீக? நாங்க என்ன ஓடியா போகப்போறோம்? எடுக்கச் சொல்லுங்கண்ணே."

"கணக்கு வேணும் தங்கச்சி."

"பூஜ்யத்துக்கு என்னண்ணே கணக்கு?"

வண்டி முழுக்கச் சிரித்தது. பூக்கூடைக்காரி முருகம்மாள் கூடைக்கு மேலே தலையை நீட்டினாள். "அந்தத் தாளு ரோல மிச்சம் பிடிச்சு வைங்கண்ணே. உங்க மக டயானா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சுக்கலாம்."

பெனடிக்ட் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் சாய்ந்திருந்த காளையின் கால்களைப் பார்த்தார். செருப்பு வாருக்கு மேலே சதை பிதுங்கியிருந்தது. மிஷினைப் பைக்குள் போட்டுவிட்டு விசில் ஊதினார். அன்றைக்கு வண்டி ஆறு ஐம்பதுக்கே திருமங்கலத்தில் நின்றது. அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை, அவரும் அடிக்கவில்லை. கையில் ஓசித் துண்டை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்பதில் பெண்களுக்கும் ஒரு நிம்மதி இருந்தது.

பத்து மாதம் இப்படியே ஓடியது.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. போதிய பயணிகள் வரத்து இல்லாத காரணத்தால் வரும் திங்கள் முதல் இவ்வழித்தடத்தின் முதல் நடை நிறுத்தப்படுகிறது என்றிருந்தது. முருகம்மாள் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு உரக்கச் சிரித்தாள்.

"வரத்து இல்லையாம்டி! எம் முதுகுல இவ முட்டி இருக்கு, இவ முதுகுல அவ கூடை இருக்கு. இதுக்கு மேல வரத்து வந்தா டிரைவர் மடியிலதான் உக்காரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்ச்செல்வி மட்டும் விரல்விட்டு மணியை எண்ணினாள். முத்தூரணிக்கு அடுத்த வண்டி எட்டரைக்கு. எட்டரைக்குக் காளை கே.கே. நகரில் படுத்திருக்க வேண்டும். வாரம் மூன்று நாள் ஆட்டோ வைக்கிற வீடு அல்ல அது. ஆஸ்பத்திரியில் நேரத்தை மாற்றித் தரச் சொல்லி நர்ஸம்மாவிடம் கேட்டாள். பின்நேரத்துக்கு ஏற்கெனவே பதினோரு பேர் காத்திருப்பதாக நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

வியாழக்கிழமை காளையை மிஷினில் சேர்த்துவிட்டு, நாலு மணி நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். பழங்காநத்தம் நிறுத்தத்தில் இறங்கி விசாரித்து, வழித்தடங்களைப் பார்க்கிற அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சூரியபிரகாஷ் என்றோர் இளவயது அதிகாரி. நிற்க வைத்துப் பேசாமல் உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இந்த நடையில சராசரி நாலு பேர்தாம்மா போறாங்க. டீசலுக்குக்கூடக் கட்டாது."

"நாலு பேரா? சார், முந்தாநாளு அந்தக் கூட்டத்துல என் செருப்பு ஒண்ணு கழண்டு எங்கிட்டோ போச்சு. திருமங்கலத்துல ஒத்தச் செருப்போட எறங்குனேன் சார்."

"மிஷின் பொய் சொல்லாதுல்ல. இந்தா பாருங்க, காசு டிக்கெட் நாலு. பெண்களுக்கான ஜீரோ டிக்கெட், ஜனவரியிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் மொத்தமே பத்தொன்பது."

தமிழ்ச்செல்வி திரையைப் பார்த்தாள். அந்த நாலு பேரையும் அவளுக்குத் தெரியும். பால்கேன்காரர், மில் வாட்ச்மேன், தையல் கடைக்காரர், காளை. ஆண்கள், காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள். மிச்சம் நாற்பது பேரும் அந்தத் திரையில் இல்லை. அவர்களை ஒவ்வொருவராக அழித்தது தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஏம்மா," சூரியபிரகாஷ் பேனா மூடியைக் கழற்றினார். "நாப்பது பேர் ஏறுறது நிஜம்னா, கண்டக்டர் டிக்கெட் குடுக்காம கூட்டிட்டுப் போறாரா?"

அவள் பேனாவைப் பார்த்தாள்.

"இல்ல சார். அது... நான் திருவிழாக் கூட்டத்த வச்சுச் சொல்லிட்டேன்."

பேனா மூடிக்கொண்டது. அவர் அவளை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விரட்டவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கோப்பு மேலே போய்விடும் என்றார். அதற்கு முன்னால் எழுத்தில் ஏதாவது ஆதாரம் வந்தால் கோப்பை நிறுத்தி வைக்கலாம் என்றார்.

"நாளையிலேர்ந்து எல்லாரும் சீட்டு வாங்குனா, சார்?"

"நாலு பேரு ஒரே ராத்திரியில நாப்பது பேரானா, முந்தாநாள் வரைக்கும் இவங்க எதுல வந்தாங்கன்னு நான்தானே மொதல்ல கேக்கணும்?"

திரும்புகிற வழியில் பெரியாரில் ஏற வேண்டிய வண்டி இரண்டை விட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் வழி சொன்னவள் எந்த வண்டி எதில் நிற்கிறது என்று தெரியாதவளைப்போல நடைமேடையில் நின்றாள். சீட்டு வாங்காவிட்டால் வண்டி நின்றுபோகும். வாங்கினால் பெனடிக்ட் மாட்டுவார். உண்மையைச் சொன்னாலும் பெனடிக்ட்தான்.

கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி காளை ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"விட்ரு செல்வி. ரெண்டு வருசம் இழுத்தது போதும். எட்டரை வண்டிக்கே வருவோம். எடமிருந்தாப் படுப்போம், இல்லாட்டி வீட்டுக்குப் போவோம்."

"எடமில்லாட்டி வீட்டுக்குப் போயி என்ன செய்வீக? மூச்சு வாங்குறத நான் உக்காந்து வேடிக்கை பாக்கவா? வாய மூடிட்டு எந்திரிங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு மீனாவிடம் போனாள். கல்லூரியில் படிக்கிற பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு முழுத்தாளில் எழுதச் சொன்னாள். 'ஐயா, முதல் நடையில் தினமும் நாற்பது பெண்கள் பயணம் செய்கிறோம். நடத்துநர் ஒவ்வொரு நாளும் எங்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டு கொடுக்க வந்தார். அறியாமையால் நாங்கள்தான் வாங்க மறுத்தோம். குற்றம் எங்களுடையது.' கீழே கையெழுத்துக்கு இடம் விடச் சொன்னாள்.

"கொடுக்க வந்தாரா அத்தே?" என்று மீனா கேட்டாள்.

"எழுதும்மா."

சனிக்கிழமை காலையில் காளையை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, தாளையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். திருமங்கலம் போய்ச் சேருவதற்குள் முடிக்க வேண்டும். முருகம்மாள்தான் முதலில் வாங்கிப் பார்த்தாள்.

"மதினி, இதுல கை வச்சா எங்களப் பிடிச்சு உள்ள போட்டுருவாகளா?"

"போட்டாச் சோறு போடுவாக. வை."

"உனக்கென்ன, சொல்லிருவ. எம் பூவ எவ விப்பா? ஜெயிலர் பொண்டாட்டியா?" என்றபடியே கட்டைவிரலை மையில் தோய்த்தாள்.

பின் சீட்டிலிருந்த சின்னத்தாய் தாளைத் தொடவே மறுத்தாள். போன தையில்தான் மகளைக் கட்டிக் கொடுத்தவள். "ஓசி வண்டியிலயும் களவாப் போனவன்னு பேப்பர்ல போட்டா, எஞ் சம்பந்தகாரவுக மூஞ்சில நான் எப்படி முழிக்க? வேற யார்கிட்டயாச்சும் வாங்கு."

"பேப்பர்ல எல்லாம் வராதுடி."

"இம்புட்டு நாளா நீ சொன்னதத்தான கேட்டோம். சீட்டு வேணாம்னு சொன்னதும் நீதான்."

தமிழ்ச்செல்வி தாளை எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தாள். இருபத்தேழு கையெழுத்து ஆனபோது ஒரு கை தாளை மெதுவாக இழுத்தது. பெனடிக்ட். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, கம்பியில் தோளைச் சாய்த்துக்கொண்டு, வண்டியின் ஆட்டத்தோடு கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

"நான் சீட்டுக் குடுத்தேன்னு எழுதியிருக்கீக. நான் குடுக்கலையே தங்கச்சி."

"உங்கள விட்டுக்கொடுக்காம எழுதணும்னுதாண்ணே..."

"சீட்டு வாங்க மாட்டேன்னா எறக்கி விடணும். எறக்கலையா, அது என் குத்தம். எப்படி எழுதுனாலும் எங்கிட்டதான் வந்து நிக்கும். இத நீங்க நீட்டுன நிமிசம் எனக்கு மெமோ." குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "ரிட்டயர் ஆக ரெண்டு வருசம் இருக்கு. இருபத்தாறு வருசத்துல ஒரு கருப்புப் புள்ளி கெடையாது. டயானா நர்சிங் மூணாம் வருசம்."

"வண்டி நின்னா உங்களுக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்து உண்மையையே சொன்னார். "நின்னா எனக்கு ஒண்ணுமில்ல. வேற ரூட்டுல போடுவாக."

காளை ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெனடிக்டின் கண் அவன் கழுத்தில் போய் நின்றது. மூச்சுக்கு மூச்சு அங்கே ஒரு குழி விழுந்து விழுந்து நிமிர்ந்தது. அன்று சனிக்கிழமை. வியாழனுக்கப்புறம் இரண்டு நாள் தண்ணீர் உடம்பில் நின்றிருந்தது.

"அன்னைக்கு உங்க பேச்சக் கேட்டு விசில் ஊதுனேன் பாருங்க," என்றார் பெனடிக்ட்.

தாளைக் கிழித்துப்போட அவருக்கு வழியிருந்தது. கிழிக்கவில்லை. நாலாக மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பால்கேன்காரருக்குச் சில்லறை கொடுக்க முன்னால் போனார். அவள் மிச்சம் பேரிடமும் போனாள். திருமங்கலம் வருவதற்குள் முப்பத்தொன்று ஆகியிருந்தது. அவள் இறங்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பத்து மணிக்குச் சூரியபிரகாஷ் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார்.

"இதுல என்ன எழுதியிருக்கீங்கன்னு தெரியுதாம்மா?"

"தெரியும் சார்."

"இத நான் வாங்கி முத்திரை போட்டா, திங்கக்கிழமை வண்டி நின்னுபோகாது, ஓடும். ஆனா அந்தக் கண்டக்டர் மேல விசாரணை வரும். என்னால தடுக்க முடியாது. வேணாம்னா எடுத்துட்டுப் போயிருங்க. நீங்க இன்னைக்கு வரவே இல்லைன்னு வச்சுக்குறேன்." கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணிக்கு எனக்கு மீட்டிங்."

அவள் போனை எடுத்தாள். வாட்ஸ்அப்பில் மேலே மேலே தள்ளிப்போய் ஒன்றை அமுக்கி மேஜைமேல் வைத்தாள். அவளுடைய குரலே அந்த அறைக்குள் கணீரென்று வந்தது. ரோஸ் கலர் மூஞ்சி வண்டி, மடியில் பை, ஆட்டோக்காரர் என்று எல்லாம் சொல்லி, கடைசியில், 'சீட்டுக் கேட்டு நிக்காதீக.'

"நாந்தான் சார் ஊருக்கே சொல்லிக்கொடுத்தது. என் மேல எழுதுங்க. அபராதம் போடுங்க, கேசு போடுங்க. அவரு என் வீட்டுக்காரர் காலப் பாத்து எரக்கப்பட்டாரு, அம்புட்டுத்தான் அவர் செஞ்சது."

அதிகாரி சிரிக்கப்போய் அடக்கிக்கொண்டார். அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "இத நான் எங்க எழுதுறதும்மா? ஃபைல்ல உங்களுக்கு எடமே இல்லையே. பயணி யாரு, கண்டக்டர் யாரு, அம்புட்டுத்தான் கேக்கும்."

தாள் மேஜைமேல், அவளுக்கும் அவருக்கும் சம தூரத்தில் கிடந்தது. முப்பத்தொரு பேரின் மை. ஒரு கட்டைவிரல் ரேகை கொஞ்சம் இழுபட்டு அலையாகப் போயிருந்தது. பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்ட நேரத்தில் வைத்தது. எடுத்துக்கொண்டு எழுந்தால் போதும். பெனடிக்ட் செவ்வாய்க்கிழமை வேறெங்கோ நல்லபடியாக விசில் ஊதிக்கொண்டிருப்பார். காளை எட்டரை வண்டிக்காக நிற்பான். முதல் வாரம் நிற்பான். இரண்டாவது வாரமும் நிற்கக்கூடும்.

கை தாளை நோக்கிப் போனது. போன கை அதை எடுக்கவில்லை, அவர் பக்கமாகத் தள்ளியது.

"முத்திரை போடுங்க சார்," என்றாள். தன் குரல் தனக்கே கேட்காததுபோல இன்னொரு தடவையும் சொன்னாள்.

திங்கட்கிழமை வண்டி வந்தது. மூன்று மாதம் சோதனை முறையில் ஓட்டுவது, தினம் சராசரி முப்பத்தைந்து சீட்டுக்குக் குறையாமல் இருந்தால் தொடர்வது என்று உத்தரவு. பெனடிக்டுக்கு விசாரணை நடந்து ஓர் இன்கிரிமென்ட் வெட்டாயிற்று. வழித்தடத்தை மாற்றவில்லை, அவரே வந்தார். அது தண்டனையில் சேர்த்தியா, சலுகையா என்று தமிழ்ச்செல்விக்குத் தெரியவில்லை. அவர் முன்போல வண்டியை நிறுத்தி வைப்பதில்லை. பேரையூரிலிருந்தே மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டத்திலேயே, விரல் தவறினால் மறுபடி தட்டி, ஒவ்வொருவருக்கும் கிழித்துக் கொடுத்தார். வண்டி நேரத்துக்குப் போயிற்று. அவளிடமும் சீட்டை நீட்டினார். "அண்ணே" என்று அவள் தொடங்கிய ஒவ்வொரு தடவையும், "உள்ள போங்கம்மா, உள்ள போங்க," என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு தாண்டிப் போனார்.

முதல் மாதம் நாற்பது, நாற்பத்திரண்டு என்று ஓடியது. இரண்டாவது மாதம் ஊரில் நூறு நாள் வேலை தொடங்கியது. கண்மாயில் மண் வெட்ட ஆள் கேட்டார்கள். சித்தாள்கள் பதினைந்து பேர் அங்கே போய்விட்டார்கள். எண்ணிக்கை இருபத்தாறுக்கு வந்தது. மூன்று நாள் அப்படியே நின்றது.

அதிலிருந்து தமிழ்ச்செல்வி ஐந்து மணிக்கெல்லாம் தெருவில் இறங்கினாள். மண்வேலைக்குப் போகாத வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டினாள். மதுரைக்கு வழி சொன்ன வாய் இப்போது மதுரைக்கு ஆள் பிடித்தது.

"கண்ணு மங்குதுன்னியே மதினி, பெரிய ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்துருவோம். நானே கூட்டிட்டுப் போறேன்."

"உம் மகளுக்குச் சேலை எடுக்கணும்ல? மதுரையில ஆடித் தள்ளுபடி."

"வேல இல்லாட்டி என்ன, திருமங்கலம் வரைக்குமாச்சும் வந்துட்டுத் திரும்பு. காசா பணமா? பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து உல வச்சுரலாம்."

சிலர் பரிதாபப்பட்டு வந்தார்கள். சிலர் அவள் வருவதைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்கள்.

ஆடிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காளை நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தான். வண்டி வந்து நின்றது. அவனைக் கைபிடித்து ஏற்றிவிட்டு, தான் அழைத்துவந்த நாலு பேரையும் ஏற்றிவிட்டு, கடைசியாக அவள் படியில் கால் வைத்தாள். பெனடிக்ட் மிஷினின் சின்னத் திரையைப் பார்த்து, அவளோடு இப்போது ஏறியவர்களையும் கூட்டிக்கொண்டார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவளைப் பார்த்துப் பேசினார்.

"முப்பத்துமூணு."

வழியில் இனிமேல் ஏறுகிறவர்கள் யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அடுத்த மூன்று ஊரும் கண்மாய் வேலையில் கிடந்தது. அவர் விசிலை உதட்டில் வைத்தார். ஊதவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எதிர்த் தெருவைப் பார்த்தார். அங்கே, மகள் ஆடிக்கு வந்ததிலிருந்து வேலைக்குப் போகாமலிருந்த சின்னத்தாய் வீட்டில் வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டது.

தமிழ்ச்செல்வி இறங்கி ஓடினாள்.

"சின்னத்தாயீ! வாளியப் போடு, வாடி. உன் மகளையும் எழுப்பு, வந்துருக்கால்ல?"

"எங்க?"

"மதுரைக்கு."

"கிறுக்கா உனக்கு? மதுரைக்குப் போயி நான் என்னத்தச் செய்ய?"

"மகாலப் பாருடி. தூணு ஒவ்வொண்ணும் எம்புட்டுப் பெருசுங்குற! நாலு பேரு கை கோத்தாலும் கட்ட முடியாது. திருமங்கலத்துல எறங்குனதும் ரோஸ் கலர் மூஞ்சி வண்டி..." மூச்சு முட்டியது. அவள் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். "எதையாச்சும் பாரு. ஏறு தாயி, சீட்ட மட்டும் வாங்கு."

பின்னால் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் ஹாரனை அடித்தார். சின்னத்தாய் ஜன்னலோரம் வாய் திறந்து உட்கார்ந்திருந்த காளையைப் பார்த்தாள், அப்புறம் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். தமிழ்ச்செல்வி வாசலிலேயே நின்று, உள்ளே கொலுசுச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.